ஆறு மொட்டும் ஒரு பால்கனியும்

பல் துலக்கிக்கொண்டே பால்கனிக்குப் போவது என் வழக்கம். அன்றும் வாயில் பிரஷ்ஷோடுதான் போனேன். மார்கழிக் குளிர் பாதத்திலிருந்து மேலே ஏறியது. மூன்றாவது தொட்டியைக் குனிந்து பார்த்தால், அடி இலைக்குப் பக்கத்தில் பச்சையாக ஒன்று மூக்கை நீட்டிக்கொண்டிருந்தது.

கத்திவிட்டேன். பேஸ்ட் நுரை கம்பி வழியாகப் பறந்து கீழ்வீட்டுக்காரரின் ஸ்கூட்டர் சீட்டில் போய் விழுந்தது.

என் வீட்டுக்காரர் குளியலறையிலிருந்து ஓடி வந்தார். இரண்டு கையிலும் சோப்பு. அவர் பைக் சர்வீஸ் செய்யும் கடையில் மெக்கானிக். கிரீஸ் படிந்த சட்டைகளை யாரிடமும் தரமாட்டார், அவரேதான் துவைப்பார். கூடவே வீட்டுத் துணி எல்லாவற்றையும் துவைத்துவிடுவார். காலையில் ஆறரைக்கெல்லாம் நான் கம்பெனி கேப்பில் ஏறிவிடுவதால் அந்த வேலை எப்போதோ அவர் பக்கம் போய்விட்டது.

"இன்னா ஆச்சு? பல்லி வுழுந்துடுச்சா?"

"பூக்காம்புங்க! பூக்கப் போவுதுங்க!"

அவர் குனிந்து பார்த்தார். "இது வேரு."

"வேரு முனை மொழுமொழுன்னு இருக்கும். இதுல மடிப்பு மடிப்பா இருக்குது, நல்லா பாருங்க."

"ஒரு இன்ச் கூட இல்ல. இதுக்கா ஊரைக் கூட்டுனே?" என்று சொல்லிவிட்டு வாளிக்குத் திரும்பினார். ஆனால் நான் கவனித்தேன். பாதி வழியில் நின்று, கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு, திரும்பி வந்து இன்னொரு தடவை பார்த்துவிட்டுத்தான் போனார்.

நான் கீழே இறங்கிப் போய் ஸ்கூட்டரைத் துடைத்தேன். துடைத்துக்கொண்டே சிரித்தேன். பால் வாங்கப் போன ஒருவர் நின்று பார்த்துவிட்டுப் போனார்.

பூ போனால் வேலை போச்சு

அந்த ஒரு இன்ச்சுக்கு ஏன் அவ்வளவு கூத்து என்று சொல்ல வேண்டும்.

எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனியில் நான் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர். அங்கே வரவேற்பு மேஜையில் எப்போதும் ஆர்க்கிட் தொட்டி இருக்கும். பட்டாம்பூச்சி வரிசையாக உட்கார்ந்த மாதிரி பூக்கும் ஜாதி. அதற்கு ஒரு முழநீளப் பெயர் உண்டு, இன்றுவரை என் வாயில் நுழையவில்லை.

மாதம் ஒரு தடவை, கன்னடம் கலந்து தமிழ் பேசும் நர்சரி சிவண்ணா வண்டியில் புதுத் தொட்டிகளைக் கொண்டுவருவார். பூ உதிர்ந்த பழைய தொட்டிகள் நேராகப் பின்பக்கக் குப்பைக்குப் போகும். செடி சாகவில்லை, இலையெல்லாம் கொழுகொழுவென்று இருக்கும். பூ இல்லை, அதுதான் குற்றம்.

ஒரு நாள் மனசு கேட்காமல் கேட்டேன். "இது மறுபடி பூக்காதா சிவண்ணா?"

"பூக்குத்தே மேடம். ஆனா யாருக்கு இருக்கு அஷ்டு பொறுமை? வேணும்னா எடுத்துக்கொண்டு ஹோகி."

எடுத்துக்கொண்டு போனேன். ஒன்று, இரண்டு, நாலு வருஷத்தில் பதினொன்று. போன வாரம் இந்தத் தொடரில் கம்பெனி கேப்பைப் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா, அதே கேப்பில்தான், மடியில் தொட்டியை வைத்துக்கொண்டு, மேம்பாலத்தில் வண்டி குலுங்கும்போதெல்லாம் இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு தொம்மலூர் வீட்டுக்கு வந்து சேர்வேன். "மல்லிகாக்கா, இதுக்கும் சீட் பெல்ட் போடுங்க" என்று கேப்பில் இருக்கிற பெண்கள் கிண்டல் செய்வார்கள். பேர் மல்லிகா, வளர்ப்பது ஆர்க்கிட் என்பதில் ஆரம்பித்து ஒவ்வொரு நாளும் புதிதாக ஏதாவது கிடைக்கும் அவர்களுக்கு.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பூ இல்லாத செடிதான் எனக்குக் கிடைக்கும் என்பதால், எது என்ன நிறம் என்று எனக்கே தெரியாது. பதினொரு தொட்டி, பதினொரு சஸ்பென்ஸ். வெள்ளையா, ஊதாவா என்று இலையைத் தடவித் தடவிப் பார்ப்பேன். ஒன்றும் சொல்லாது.

பாசத்தில் ஒரு கொலை

முதலில் கொண்டுவந்ததைக் கொன்றுவிட்டேன், அது இந்தப் பதினொன்றில் சேராது. அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

வீட்டுக்கு வந்த செடியின் தொட்டியைத் தட்டிப் பார்த்தேன். உள்ளே மண்ணே இல்லை, ஏதோ மரப்பட்டைத் துண்டுகள். ஐயோ பாவம், சோறு போடாமல் வைத்திருக்கிறார்களே என்று செம்மண்ணும் சாணி எருவும் போட்டு அழுத்தி நட்டேன். காலையில் அரிசி கழுவிய தண்ணீர், சாயங்காலம் பருப்பு கழுவிய தண்ணீர். துளசிக்குச் செய்கிற எல்லா மரியாதையும் செய்தேன். மூன்றே வாரம். இலை கையோடு வந்துவிட்டது, வேர் கூழாகிப் போயிருந்தது.

சிவண்ணா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "மரத்து மேல குந்திகினு காத்து குடிக்கிற ஜாதி மேடம் அது! மண்ணுல பொதச்சு வெச்சா மூச்சு எப்படி வரும்?"

அதற்கப்புறம்தான் புத்தி வந்தது. தெரு முனையில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவரிடம் கரித்துண்டு கேட்டு வாங்கினேன். தேங்காய் மட்டையைத் துண்டுபோட்டு ஊறவைத்தேன். இந்த ஜாதிக்கு வேரிலும் வெளிச்சம் பட வேண்டுமாம். அதனால் பிரியாணி வருகிற பிளாஸ்டிக் டப்பாக்களைக் கழுவி, வீட்டுக்காரரின் ஸ்க்ரூடிரைவரை அடுப்பில் காய்ச்சி ஓட்டை போட்டேன். ஸ்க்ரூடிரைவர் முனை கறுத்துப் போனதற்கு இரண்டு நாள் அவர் என்னோடு பேசவில்லை.

கம்பெனித் தொட்டியில் ஒரு அட்டை செருகியிருக்கும், வாரத்துக்கு மூன்று ஐஸ் கட்டி வைக்கவும் என்று. எங்கள் ஃப்ரிட்ஜில் ஐஸ் தட்டு இருக்க வேண்டிய இடத்தில் கறிவேப்பிலை இருக்கிறது. தண்ணீர் குடித்து வளருங்கள் அம்மா என்று சொல்லிவிட்டேன். வளர்ந்தன. இலையாகவே வளர்ந்தன.

"இது செடியா, செருப்பா? பதினோரு ஜோடி காயப்போட்டு வெச்சிருக்குற மாதிரி இருக்குது" என்பார் வீட்டுக்காரர்.

நாலடிக்கு ஒரு வழக்கு

எங்கள் வீடு மூன்றாவது மாடி. பால்கனி நாலடி அகலம். குழாயும் தண்ணீர் போகும் வழியும் அங்கேதான் இருக்கின்றன. வம்பே அதில்தான் ஆரம்பித்தது.

அத்திபெலேயில் பழ மண்டி வைத்திருக்கும் வீட்டுக்காரரின் தம்பி புது வாஷிங் மெஷின் வாங்கிக்கொண்டு, பழையதை ஒரு தீபாவளிக்கு எங்களுக்கு அனுப்பிவைத்தார். அதை வைக்க இடம் பால்கனி மட்டும்தான். பால்கனியில் என் பதினோரு பேர். அதனால் மெஷின் அட்டைப்பெட்டிக்குள்ளேயே ஹாலில் நின்றது. அதன் மேல் துணி விரித்து, பேப்பரும் சாவியும் வைக்கிற மேஜையாக்கிவிட்டோம்.

"என் கையைப் பாரு மல்லிகா" என்று ஒரு நாள் நீட்டினார். சோப்பிலும் சோடாவிலும் ஊறி விரல் நுனியெல்லாம் வெடித்திருந்தது. "மெஷின் ஹால்ல குந்திகினு என்னைப் பார்த்து சிரிக்குது. நான் வாளியில கும்முறேன். இன்னா நியாயம் இது?"

நியாயம் அவர் பக்கம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் விட்டுத்தர மனசு வரவில்லை. இருபத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் பீரோவில் ஒரு தட்டு, கட்டிலில் ஒரு பாதி என்று எல்லாமே பங்குதான். நான் நின்றால் யாரும் எதுவும் கேட்காத இடம் அந்தப் பால்கனி ஒன்றுதான்.

"எனக்குன்னு இருக்கிறது இந்த நாலடிதாங்க" என்றேன். அழக்கூடாது என்று நினைத்தேன், குரல் என் பேச்சைக் கேட்கவில்லை.

அவர் தாடையைச் சொறிந்தார். "சரி. உகாதி வரைக்கும் டைம் தரேன். ஒரே ஒரு பூ காட்டு, பால்கனி உன்னுது, நான் வாயே தொறக்கமாட்டேன். இல்லாட்டி மெஷின் உள்ளே இருந்து வெளிய போவும், உன் செருப்புங்க எல்லாம் கீழ போவும். சரியா?"

கையில் அடித்து ஒத்துக்கொண்டேன். அதற்குப் பத்து நாள் கழித்துத்தான் அந்தப் பச்சை மூக்கு வந்தது. இப்போது சொல்லுங்கள், நான் கத்தியது தப்பா?

கிளட்ச் கம்பியும் கொண்டை கிளிப்பும்

அடுத்த இரண்டு மாதம் நான் தரையில் நடந்ததாகவே ஞாபகம் இல்லை. தினமும் ஸ்கேல் வைத்து அளப்பேன். அரை விரற்கடை ஏறியிருந்தால் அன்று முழுக்க வேலையில் பாட்டுத்தான். கேப்பில் எல்லோருக்கும் அளவு தெரியும். "இன்னிக்கு எவ்ளோக்கா?" என்றுதான் காலை வணக்கமே.

காம்பு சாய ஆரம்பித்ததும் எதிர்க்கட்சியிடமிருந்தே உதவி வந்தது. கடையிலிருந்து பழைய கிளட்ச் கேபிளின் உள்கம்பியைக் கொண்டுவந்து, வளைத்து, தொட்டியில் செருகித் தந்தார். "செடி ஜெயிக்கணும்னு இல்ல. கோணலா நின்னா என் கண்ணுக்கு ஆவாது" என்றார். காம்பை அந்தக் கம்பியோடு சேர்த்து என் கொண்டை கிளிப்பைப் போட்டேன்.

மாசியில் மொட்டுகள் தெரிந்தன. பச்சைப் பட்டாணி அளவில் ஆறு. ஆறையும் நான் எண்ணினேன், அவரும் எண்ணினார், சரிபார்த்துக்கொண்டோம்.

அந்த நேரம் பார்த்துப் புறாக்கள் பால்கனிக்குக் குடிவந்தன. ஒன்று காம்பின் மேலேயே உட்காரப் பார்த்தது. பயந்துபோய்த் தொட்டியை ஹாலுக்குத் தூக்கிவந்து, ஜன்னல் வெளிச்சம் படுகிற மாதிரி, அந்த வாஷிங் மெஷின் பெட்டி மேலேயே வைத்தேன். எதிராளியின் தலைமேல் ஏறி உட்கார்ந்த சந்தோஷம் தனி.

சிவராத்திரித் தார்

சிவராத்திரிக்கு ஒரு வாரம் முன்னால் அத்திபெலே தம்பி ஒரு முழு ஏலக்கி வாழைத்தாரை அனுப்பினார். பச்சைக் காய். விரதத்துக்குள் பழுத்துவிடும் என்று போனில் சொன்னார். எங்கள் ஹாலில் மகளுக்குத் தூளி கட்டிய கொக்கி இன்னும் இருக்கிறது. அது மெஷின் பெட்டிக்கு நேர் மேலே.

"இங்கேயே மாட்டுங்க, நிழலா இருக்குது" என்றேன் நான். சொன்னது நான்தான்.

மூன்றாம் நாள் வீடே மணத்தது. மேலே மஞ்சளாகத் தார், கீழே பச்சையாக ஆறு மொட்டு. போட்டோ எடுத்து மகளுக்கு அனுப்பினேன். கல்யாண வீடு மாதிரி இருக்கிறது என்று பதில் போட்டாள்.

மறுநாள் காலை ஒரு மொட்டு பழுப்பு மஞ்சளாகச் சுருங்கியிருந்தது. விரல் பட்டதும் விழுந்தது. சரி, ஒன்றுதானே. அடுத்த நாள் இரண்டு. அதற்கடுத்த நாள் இன்னும் இரண்டு. சிவராத்திரியன்று காம்பின் நுனியில் மற்றவற்றை விடச் சின்னதாக ஒரே ஒரு மொட்டுதான் மிச்சம். உள்ளங்கையில் ஐந்தையும் வைத்துக்கொண்டு ஹாலில் நின்றேன். நாலு வருஷமும் நாலடியும் அதிலே போய்விட்ட மாதிரி இருந்தது.

குற்றவாளி அகப்பட்டார்

யார் செய்த வேலை இது? தண்ணீர் சரி, வெயில் சரி. அப்போதுதான் பால்கனிக் கதவுப் பக்கம் மெல்லிய வாசனை வந்தது. சிகரெட்!

மகள் கல்யாணத்தில் சம்பந்தி எதிரில் சத்தியம் செய்து, விட்டுவிட்டதாகச் சொன்ன சிகரெட். செடிப் பக்கம் புகையே ஆகாது என்று சிவண்ணா ஒரு தடவை சொன்னது பளிச்சென்று ஞாபகம் வந்தது. நேராகப் போய் அவர் எதிரில் உள்ளங்கையை விரித்தேன்.

"எத்தனை?"

"இன்னாது எத்தனை?"

"நாளைக்கு எத்தனை இழுக்குறீங்க? பொய் சொன்னீங்கன்னா பாருங்க."

அவர் மொட்டுகளைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். "காலையில ஒண்ணு. வேலை முடிஞ்சு வந்து ஒண்ணு" என்றார், வாத்தியார் எதிரில் நிற்கிற மாதிரி.

நான் தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பார். நான் அழுததும் அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. சட்டைப் பையிலிருந்த பாக்கெட்டை எடுத்துக் கசக்கி, குப்பைக்கூடையில் போட்டு, அதன் மேல் காப்பித் தூளையும் கொட்டினார்.

இரண்டு நாள் கழித்து நான் வேலையிலிருந்து வந்தபோது ஹால் காலியாக இருந்தது, தொட்டி மட்டும் ஜன்னல் ஓரம் இருந்தது. மெஷினைச் சரக்கு ஆட்டோவில் ஏற்றி அத்திபெலேக்கே திருப்பி அனுப்பிவிட்டிருந்தார்.

"உகாதி கணக்கெல்லாம் வாணாம். தப்பு என்னுது. பால்கனி உன்னுது" என்றார். ஜெயித்துவிட்டேன்! துள்ளிக் குதிக்கத் தோன்றியது, ஆனால் அவர் முகம் அவ்வளவு வாட்டமாக இருந்ததால் சமையலறைக்குள் போய்க் குதித்தேன்.

மாம்பழ நிறம்

உகாதியன்று மிச்சமிருந்த மொட்டு திறக்கவில்லை. வேப்பம்பூவும் வெல்லமும் வாயில் போட்டுக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஐந்து நாள் கழித்துத்தான் திறந்தது.

வெள்ளை என்று நினைத்திருந்தேன். அவர் ஊதா என்று சொல்லியிருந்தார். வந்தது மாம்பழ மஞ்சள்! நடுவில் குங்குமக் கீற்று, தொண்டைக்குள் சிவப்புப் புள்ளிகள். எங்கள் கம்பெனி மேஜையில் அப்படி ஒரு நிறத்தை நான் பார்த்ததே இல்லை.

அன்றைக்கு எங்கள் வீட்டில் செருப்பு வைக்க இடமில்லை. கீழ்வீட்டுக்காரர் குடும்பத்தோடு வந்தார், ஸ்கூட்டர் விஷயத்தை மன்னித்துவிட்டதாகச் சொன்னார். இஸ்திரிக்காரர் மூன்று மாடி ஏறி வந்து, "என் கரியிலயா இது?" என்று கேட்டு, பூவோடு ஒன்றும் கரியோடு ஒன்றுமாக இரண்டு போட்டோ எடுத்துக்கொண்டார். வீட்டுக்காரர் தம்பிக்கு வீடியோ கால் போட்டு, கேமராவைப் பூவின் வாய்க்குள்ளேயே நுழைத்துவிட்டார். வந்தவர்களுக்கெல்லாம் காப்பி போட்டே எனக்குக் கை வலித்தது. நான் பாட்டுக்குச் சிரித்துக்கொண்டே போட்டேன். இரண்டரை மாதம் அந்த ஒற்றைப் பூ வாடவே இல்லை.

சிவண்ணாவின் ஒரு கேள்வி

அந்த மாதம் சிவண்ணா வந்ததும் பூவின் போட்டோவை முகத்துக்கு நேரே நீட்டினேன். "சன்னாகிதே மேடம், ரொம்ப நல்லா இருக்கு!" என்று குதித்தார்.

"ஆறு வரவேண்டியது சிவண்ணா. வீட்டுக்காரர் சிகரெட்டுல அஞ்சு போயிடுச்சு" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

"ரெண்டு சிகரெட்டா? அதுவும் வெளியே நின்னு?" அவர் முகம் மாறியது. "மேடம், பக்கத்துல ஹண்ணு ஏதாவது இருந்துச்சா? பழம்?"

"பழம்னா?"

"வாழைப்பழம். பழுக்கிற வாழையிலேர்ந்து ஒரு காத்து வரும், கண்ணுக்குத் தெரியாது. மொட்டு எல்லாம் உதிர்ந்து ஹோகும். ஒரு தடவை டிரைவர் நம்ம வண்டியிலயே பழப்பெட்டி ஏத்திட்டான், ஒரு லோடு செடி வேஸ்ட் ஆயித்து."

எனக்குக் காதில் வேறு ஒரு சத்தமும் விழவில்லை. கொக்கியும் தாரும் கண்ணில் வந்து நின்றன, "இங்கேயே மாட்டுங்க" என்ற என் குரல் மட்டும்தான் கேட்டது.

அன்று கேப்பில் மடியில் தொட்டி இல்லை, ஆனாலும் ஏதோ கனத்தது. வீட்டுக்குப் போனதும் சொல்லிவிட வேண்டும் என்று பொம்மனஹள்ளி வரைக்கும் நினைத்தேன். சொன்னால் என்ன ஆகும்? உகாதிக்குள் பூக்கவில்லை, ஆகவே பால்கனி போகும். சிகரெட் திரும்பி வரும். தொம்மலூர் வருவதற்குள் வாயைத் தைத்துக்கொண்டுவிட்டேன். சுயநலத்துக்கு அவர் உடம்பைக் காரணம் காட்டினேன், அவ்வளவுதான். அதற்கப்புறம் இரண்டு உகாதி வந்து போய்விட்டது. ஒவ்வொரு தடவையும் அவர் வாளியோடு உட்காரும்போது எனக்கு முதுகில் முள் குத்தும்.

பக்கம் பக்கமாக

இப்போது ஏன் எழுதுகிறேன்? இந்தத் தொடரை நான் கையால் எழுத, ஒவ்வொரு பக்கமாக வாங்கி போனில் டைப் செய்து பத்திரிகைக்கு அனுப்புவது அவர்தான். எனக்குப் போனில் தமிழ் வராது. நேரில் சொல்லத் தைரியம் வராததால் இந்த வழியைப் பிடித்தேன்.

நான் பால்கனியில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். இந்த வருஷம் நாலு செடியில் காம்பு வந்திருக்கிறது, ஒன்றில் ஊதா நிறம் லேசாகத் தெரிகிறது. முந்தின பக்கங்களை வாங்கிக்கொண்டு போய் அவர் ஹாலில் ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருக்கிறார். ஸ்கூட்டர் சீட்டுக்குச் சிரித்தார். செருப்புக்கு ஒரு தடவை சிரித்தார். இப்போது சத்தம் இல்லை. தார் பக்கத்துக்கு வந்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

தப்பு என்னுடையதுதாங்க. மெஷினை வரவழைத்துக்கொள்ளுங்கள். செடிகளை நானே கீழே இறக்கி வைக்கிறேன். சிகரெட் மட்டும் வேண்டாம்.

கடைசிப் பக்கத்தையும் கொடுத்துவிட்டேன்.

*டைப் பண்ணவன் எழுதறது: மல்லிகா, கடைசியா ரெண்டு மொட்டு வுழுந்த அன்னிக்கே தம்பி போன்ல சொல்லிட்டான், பழத்துகிட்ட பூ வெக்காதேன்னு. அவன் மண்டிக்காரன், அவனுக்குத் தெரியாதா. இருக்கிற ஒரு மொட்டாவது பொழைக்கட்டும்னு, மிச்சத் தாரை அன்னிக்கே சிவராத்திரிக்குன்னு சொல்லி மூணு மாடிக்கும் பங்கு போட்டுக் குடுத்துட்டேன். உங்கிட்ட வாயைத் தொறக்கறதுக்குள்ள நீ வந்து எத்தனைன்னு கேட்டுட்டே. பதினெட்டு வருஷமா விட முடியாதது நீ அழுததும் விட முடிஞ்சுது. பழத்து மேல பழியைப் போட்டா மறுபடி இழுத்துடுவேன்னு பயமா இருந்துச்சு. அதனால சொல்லலை. செடிங்களை யாரும் இறக்க வேணாம். துணி ஊறப் போட்டிருக்கேன், அலச நேரமாச்சு.*